முப்பத்தோராவது பல்

நிற்கச் சொன்னால் நிற்கமாட்டார், உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். பாதி முகம் சவரம் செய்த கையோடு வாசலுக்குப் போய், யாருடைய ஸ்கூட்டர் இருமுகிறது என்று பார்த்துவிட்டு வருவார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடப்பார். தட்டை எந்த அறையில் வைத்தார் என்று தேடுவது அவர் மனைவியின் அன்றாட வேலைகளில் ஒன்று. "கல்யாணத்தன்னிக்கு ரெண்டு பேர் தோளப் பிடிச்சு அமுக்கிதான் இவர உக்கார வெச்சாங்க" என்று அந்த அம்மாள் இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. தெருவில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, வைத்தவருக்குக் கண் நன்றாக இருந்திருக்கிறது.

படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. பெஞ்சு தாங்காது என்று வாத்தியாரே வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். எஞ்சின் ஒட்டிக்கொண்டது. அதுவும் அவரைப் போலத்தானே: சத்தம் போடும், ஆடும், சும்மா இருக்காது. ஐம்பத்து மூன்று வயதில் அவருடைய ஒர்க்ஷாப்புக்கு அந்தத் தெருவில் ஒரு மரியாதை இருந்தது. மற்றவர்கள் ஒரு நாள் எடுக்கும் கியர்பாக்ஸை மதியத்துக்குள் இறக்கி ஏற்றிவிடுவார். காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்வார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். பத்தாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அதைச் சரி செய்ய ஆமை இருந்தான்.

ஆமை என்பது அவருடைய மனைவியின் தம்பி. வயது நாற்பத்திரண்டு. ஒர்க்ஷாப்பில் ஒயர் வேலை முழுக்க அவனுடையது. ஒரு ஒயரை எடுத்தால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பான். ஒரு டேப் சுற்றினால் சுற்றுக்குச் சுற்று சமமாக இருக்கும். "மாப்ள, நீ டேப் சுத்தி முடிக்கிறதுக்குள்ள வண்டிக்கே வயசாயிடும்டா" என்று பம்பரம் கத்துவார். "ஆகட்டும் மாமா" என்பான் அவன். பதினெட்டு வருடம் இப்படியே ஓடியது. ஒருவர் ஓட, ஒருவர் நகர, கடை நடந்தது.

அந்த நடையைத் தடுக்கி விட்டது நர்ஸம்மாவின் கார்.

நர்ஸம்மா வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு வருபவர். நான்கு மாதத்துக்கு முன் அவருடைய காருக்குக் கிளட்ச் மாற்றியது பம்பரம். போன மாதம் முன்பக்க ஒயர்கள் மக்கிவிட்டன என்று மாற்றிக் கொடுத்தது ஆமை. அதற்கு அடுத்த வாரம் நர்ஸம்மா போன் செய்தார். ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுச்சாலையில், விக்கல்கூட இல்லாமல், அப்படியே அணைந்துவிட்டதாம். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பியதாம்.

பம்பரம் கோளாறைப் படிக்கும் கருவியைச் சொருகிப் பார்த்தார். கிராங்க் என்கிற, எஞ்சினின் முக்கியத் தண்டிலிருந்து வரவேண்டிய சிக்னல் வரவில்லை என்றது கருவி. எஞ்சினின் வால் பக்கம், கிராங்கோடு சேர்ந்து சுற்றும் ஒரு கனமான சக்கரம் இருக்கிறது. ஃப்ளைவீல் என்பார்கள். அதில் ஒரு பல் வளையம். சுற்றிலும் ஐம்பத்தெட்டுப் பல், இரண்டு பல் இல்லாத ஓர் இடைவெளி. எதிரே விரல் பருமனில் ஒரு சென்சார் உட்கார்ந்து, ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு துடிப்பு அனுப்பும். இடைவெளி வந்தால் ஒரு சுற்று ஆயிற்று. இந்தக் கணக்கை வைத்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் எப்போது பெட்ரோல் ஊற்றுவது, எப்போது பொறி வைப்பது என்று முடிவு செய்யும். கணக்கு தப்பினால் அது கையைக் கட்டிக்கொள்ளும். எஞ்சின் செத்துவிடும்.

"ஒரு மணி நேரம் ஓட விட்டு ஸ்கோப் போட்டுப் பாப்போம் மாமா" என்றான் ஆமை. ஸ்கோப் என்பது அந்தத் துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் பெட்டி.

"ஒரு மணி நேரமா? சென்சார் போயிருக்கு. பத்து நிமிஷ வேலை." பம்பரம் புது சென்சாரை மாட்டினார், ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார்.

இரண்டே நாளில் அந்தக் கார் ரவுண்டானாவில் நின்றது. பின்னால் வந்த பஸ் ஒரு முழம் தள்ளி பிரேக் பிடித்திருக்கிறது. நர்ஸம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "என் கை இன்னும் நடுங்குது, பாருங்க" என்று கையை நீட்டிக் காட்டினார்.

அந்த நடுக்கத்தைக் கண்ட சூட்டோடு பம்பரம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். காலை நேரம், கவுண்டரில் தெருவின் மெக்கானிக்குகள் பத்துப் பேர் நின்றார்கள். கூடவே பஸ் டெப்போ ஃபோர்மேன். அவர் பம்பரத்தைப் பார்த்ததும் கேட்டார்: "எங்க டெப்போவுக்கு ஒயர் வேலைக்கு ஆள் எடுக்கிறோம். உங்க மச்சினன்கிட்ட கேட்டிருக்கேன், யோசிச்சுச் சொல்றேன்னார். ஆள் எப்படி?"

பம்பரத்துக்கு இது புதுச் செய்தி.  மச்சினன் போகிறானா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலா?

"ஆளா? நர்ஸம்மா கார் ரெண்டு தடவை நடுரோட்ல நின்னிருக்கு. அவன் கை வச்ச ஒயருதான். இப்பல்லாம் அவன் வேலையில கவனமே இல்ல" என்றார், பத்துப் பேர் கேட்க.

எரிச்சலில் சொன்னாரா, அவன் போய்விடக் கூடாது என்று சொன்னாரா? அவரையே கேட்டாலும் தெரியாது. இரண்டும் ஒரே வாயில் ஒரே நேரத்தில் வந்தன. திரும்பிப் பார்த்தால் வாசலில் ஆமை நின்றுகொண்டிருந்தான்.  வழக்கம்போல மெதுவாகத் திரும்பி, மெதுவாக நடந்து போனான். மறுநாள் அவன் ஒர்க்ஷாப்புக்கு வரவில்லை.

வீட்டில் அவர் மனைவி பேச்சைச் சுருக்கிவிட்டாள். "தண்ணி சூடா இருக்கு." "சாவி ஆணில இருக்கு." அவ்வளவுதான். தட்டு எங்கே என்று தேடிக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கார் மூன்றாம் முறை நின்றது. இந்தத் தடவை நர்ஸம்மா வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போனார். புதன்கிழமை காலை மனைவி ஒரு வாரத்தில் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு டெப்போல பேரு ஒட்டுறாங்க. தம்பியும் வரேன்னு சொல்லிட்டான். ஒரு இடம், ரெண்டு பேர். இன்னொருத்தருக்குத்தான் கிடைக்குமாம். கவனம் இல்லாத ஆளுன்னு சொந்த மாமாவே சொன்னப்புறம் யாரு எடுப்பா? பதினெட்டு வருஷத்துல அவன் போட்ட ஒரு ஒயரு கழண்டிருக்கா? நீங்களே சொல்லுங்க."

"இந்தத் தடவை கழண்டிருக்கு. காட்டுறேன் இரு" என்று பம்பரம் செருப்பை மாட்டினார். நாளைக் காலைக்குள் அந்த ஒயரில் குற்றம் கண்டுபிடித்துவிட்டால் தான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும். அதுதான் அப்போது அவருக்கு வேண்டியிருந்தது.

வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவர் போல ஒர்க்ஷாப்புக்குப் போனார். பேட்டரியைக் கழற்றி, முன்பக்க ஒயர்க் கட்டை முழுவதும் பிரித்தார். டேப்பை உரிக்க உரிக்கக் கைக்கு ஒரு சந்தேகம் வந்தது. மனதுக்கு வர இன்னும் நேரமாயிற்று. ஒவ்வொரு சேர்ப்பும் உருக்கி ஒட்டி, மேலே உறை போட்டு, அசையாமல் கட்டப்பட்டிருந்தது. சென்சாரின் இரண்டு ஒயர்களை அவன் தொட்டிருக்கவே இல்லை. அவை தனியாக, வேறு வழியில், சைலன்சர் சூடு படாமல் போய்க்கொண்டிருந்தன. இழுத்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார். நடுவில் வாசலுக்கு நான்கு முறை போய்வந்தார். தண்ணீர் குடித்தார். எதற்கென்று தெரியாமல் ஒரு ஸ்பானரை இடம் மாற்றி வைத்தார். பத்தும் பன்னிரண்டும் ஆகி மதியம் ஒன்றும் ஆயிற்று. ஒயரில் குற்றமில்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அந்த வழிக்கு உட்கார வேண்டும்.

எல்லாவற்றையும் பழையபடி கட்டி, ஸ்கோப்பை எடுத்துச் சென்சார் ஒயரில் கொக்கியை மாட்டினார். கதவுகளைத் திறந்து வைத்து எஞ்சினை முடுக்கினார். திரையில் துடிப்புகள் சீப்புப் பற்களாக வரிசையாக ஓடின. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். மூன்று நிமிடம். எழுந்தார். திரையை விட்டு எழுந்தால் அந்த நேரம் பார்த்துத்தான் அது நிற்கும் என்று தெரியும். தெரிந்தும் கால் கேட்கவில்லை. திரும்ப உட்கார்ந்தார். அடுத்த கடைக்காரர் யாரோடோ சிரிப்பது கேட்டது, என்ன விஷயமாக இருக்கும்? கை கதவுப் பிடிக்குப் போயிற்று. கடைசியில் அவர் ஒரு காரியம் செய்தார். நகராத காரில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். அந்தப் பக்கம் போன ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த ஊருக்குப் பயணம்?" என்று கேட்டார். பம்பரம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதுவே அந்தத் தெருவில் அதிசயம்.

இருபது நிமிடம் ஆயிற்று. முப்பது ஆயிற்று. முழங்கால் தானாக ஆடியது. காரணமில்லாமல் யார் மேலெல்லாமோ கோபம் வந்தது. ஒரு மணி நேரம் கேட்டானே, கொடுத்தால் என்ன குறைந்திருக்கும் என்று ஒரு நினைப்பு தலை நீட்டியது, அதை அமுக்கினார். நாற்பத்தேழாவது நிமிடம் திரையில் ஒரு பல் குட்டையாயிற்று.

பம்பரத்தின் முழங்கால் நின்றது. இடைவெளி வந்தது, பற்கள் வந்தன, குட்டைப் பல் வந்தது. மறுபடி இடைவெளி, பற்கள், அதே இடத்தில் அதே குட்டைப் பல். சூடு ஏற ஏற அது இன்னும் தேய்ந்தது. பிறகு ஒரு சுற்றில் காணாமலே போயிற்று. எஞ்சின் அணைந்தது.

ஒயர் கோளாறு கண்ட இடத்தில் விழும். இது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் விழுகிறது. அப்படியென்றால் குற்றம் சுற்றுகிற பொருளில் இருக்கிறது. சூடேறினால் எந்தச் சென்சாருக்கும் குரல் மெலியும், புதியதானாலும்; பல் ஒழுங்காக இருந்தால் மெலிந்த குரலே போதும்.

அவர் வண்டிக்கு அடியில் படுத்தார். கியர்பாக்ஸின் கீழே உள்ள சிறு மூடியைக் கழற்றி, டார்ச்சையும் கைக்கண்ணாடியையும் உள்ளே விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றி, இடைவெளியிலிருந்து பற்களை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. முப்பதுவரை நேராக நின்றன. முப்பத்தோராவது பல் உள்பக்கம் சாய்ந்திருந்தது. அதன் முதுகில் ஒரு பளபளப்பான வடு, பெரிய ஸ்க்ரூடிரைவரின் நுனி அகலத்துக்கு.

ஸ்க்ரூடிரைவர் யாருடையது என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன், கிளட்ச் மாற்றிய அன்று, பின்னால் எண்ணெய் ஒழுகுகிறது என்று ஃப்ளைவீலையும் கழற்றினார். போல்ட்டைத் தளர்த்தினால் சக்கரம் கூடவே சுற்றும்; அதைப் பூட்டிப் பிடிக்க ஒரு கொக்கி ஷெட்டின் மறு மூலைச் சுவரில் தொங்குகிறது. பதினைந்து அடி. அந்தப் பதினைந்து அடி நடக்கப் பொறுமையில்லாமல், கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பல்லுக்கு நடுவே சொருகி, பலம் கொண்ட மட்டும் அழுத்தினார். 'டக்' என்று ஒன்று வழுக்கியது. போல்ட் தளர்ந்துவிட்டது, வேறென்ன வேண்டும்? சக்கரத்தின் வெளிப்பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டார் பிடித்துச் சுற்றும் தடித்த பற்கள் அதைத் தாங்கும். தெருவில் எல்லாரும் செய்கிற குறுக்கு வழிதான். உள்ளே இருந்த, சென்சாருக்கான மெல்லிய வளையம் தாங்கவில்லை.

இத்தனை நாள் ஏன் ஓடியது என்பதும் அங்கேயே, முதுகு தரையில் இருக்க, விளங்கிவிட்டது. முன்பெல்லாம் நர்ஸம்மாவின் சுற்று சின்னது. எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன் வீடு வந்துவிடும். ஆமை ஒயர் மாற்றிய வாரம்தான் ஊருக்கு வெளியே இருக்கிற பகுதியையும் அவர் தலையில் கட்டினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வெளியே வந்து கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார். ஷெட்டுக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். பார்த்தவர் யாருமில்லை. புது வளையம் வரவழைத்து மாட்டிவிட்டால் வண்டி ஓடும். "ஒயரச் சரி பண்ணிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைப் பத்து மணிக்கு டெப்போவில் வேறு பெயர் ஒட்டுவார்கள். ஒரு மாதம் முறைத்துக்கொண்டு இருப்பான், பிறகு வந்துவிடுவான். வேறு எங்கே போவான்? அவன் வந்தால் கடை பழையபடி ஆகும். அவருக்குக் கண்ணும் முன்போல் இல்லை. பச்சை ஒயருக்கும் நீல ஒயருக்கும் வித்தியாசம் தெரிய வெயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது. அவனில்லாமல் முடியாது. இதைப் பதினெட்டு வருடத்தில் ஒரு தடவையாவது அவனிடம் சொல்லியிருக்கிறாரா என்றால் இல்லை. அவனுக்கு வேலை கிடைக்கக் கூடாது என்றுதான் அந்தச் சாயங்காலம் அவர் ஆசைப்பட்டார். நல்ல மனிதர்தான், ஆனாலும் ஆசைப்பட்டார்.

வீட்டுக்குப் போனபோது மனைவி கேட்டாள்: "காட்டுறேன்னீங்களே, கண்டுபிடிச்சீங்களா?"

"ம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். அன்று அது எந்த அறையிலும் காலியாகவில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் டெப்போவில் நின்றார். ஃபோர்மேன் அறையில் மேஜைமேல் இரண்டு காகிதங்கள் இருந்தன. அவருக்கு முன்னால் உட்கார மனமில்லாமல் நின்றபடியே சொன்னார்: "நர்ஸம்மா கார்ல ஒயர்ல தப்பில்ல. ஃப்ளைவீல்ல ஒரு பல்லு வளைஞ்சிருக்கு. வளைச்சது நான்."

ஃபோர்மேனும் மெக்கானிக்காக இருந்தவர். "ஸ்க்ரூடிரைவரா?" என்றார்.

"ஆமா."

"நானும் செஞ்சிருக்கேன்." சற்று யோசித்தார். "அன்னிக்குப் பத்து பேரு முன்னாடி ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கு வேற சொல்றீங்க. சொந்தக்காரனுக்காக மாத்திச் சொல்றார்னு மேல கேப்பாங்க. எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுங்க காயிதம்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு. இங்க சேந்தா வெளிய வேற எங்கயும் வேலை செய்யக் கூடாது. அது விதி. சாயங்காலம் வந்து உங்களுக்கு ஒரு கை குடுக்கிறதெல்லாம் நடக்காது. தெரியும்ல?"

பம்பரத்துக்குத் தெரியாது. வாரத்துக்கு இரண்டு சாயங்காலமாவது அவன் வருவான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். பேனா கையில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் பின்னால் நகர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினார். நான்கே வரி. முப்பத்தோராவது பல் என்பதைக்கூட விடாமல் எழுதினார்.

அங்கிருந்து நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுத் தன் தப்பைச் சொன்னார். அவர் நீளமாக மூச்சு விட்டார். "சரி, வண்டி எப்ப கிடைக்கும்?" என்றார். பிறகு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். வளையம் சொல்லிவிட்டு, யார் வளைத்தது என்பதையும் சொன்னார். கவுண்டரில் இருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தங்கள் ஸ்க்ரூடிரைவரை நினைத்துக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்கு ஆமை ஒர்க்ஷாப்புக்கு வந்தான்.

"பேரு ஒட்டிட்டாங்க மாமா."

"உன் பேரா?"

"ம். பன்னெண்டரைக்கு வந்து சேரச் சொல்லியிருக்காங்க. என் சாமானெல்லாம் எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"மாப்ள, அன்னிக்கு நான் பேசினது..."

"ஃபோர்மேன் காயிதத்தக் காட்டினார். படிச்சேன்."

பம்பரம் வாய்க்கு வந்ததைக் கேட்டார். "அன்னிக்கு நீ எதுக்குடா ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வந்தே? நம்மகிட்டதான் எல்லா சாமானும் இருந்துச்சே."

ஆமை ஒரு ஒயர் வெட்டியைத் துணியால் துடைத்து மடக்கினான். "ஃபோர்மேன் அங்க இருக்கார்னு சொன்னாங்க. அவரப் பாக்க வந்தேன். வேலைக்கு வரலைன்னு சொல்லத்தான். வீட்ல என் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டுதான் வந்தேன், மாமாவ விட்டுட்டு எங்க போறதுன்னு." ஒயர் வெட்டியைப் பைக்குள் வைத்தான். "நான் சொல்றதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். பம்பரம் எதிரில் நின்றார். வாசலில் யாரோ ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

ஆமை தன் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, ஒயர்த் துண்டுகளை நிறம் பார்த்துச் சுருட்டி, பைக்குள் அடுக்கினான். இன்னும் கொஞ்சம் மெதுவாக அடுக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.